வியாழக்கிழமைக்கு வாங்கிய துப்பாக்கி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடமாகத் தயங்கினேன். எழுதுகிற கொப்பியை எடுப்பேன். முதல் வரியிலேயே நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினேன் என்று வரும். மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், எழுத்துப் பிழை வந்தால் அதற்காக வெட்கப்பட மாட்டேன். வெட்கம் வேறு இடத்தில் இருந்தது. துப்பாக்கிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தேன் என்று இந்த ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவன் நான். அதை நம்பித்தான் இருக்க இடம் தந்தார்கள். அதே நான் கடைக்குப் போய் ஒன்றைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன் என்று எப்படி எழுதுவது? ஆனால் நான் எழுதாவிட்டாலும் எங்கடை ஆட்கள் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கதைப்பதில் பாதி நடக்காதது. அதனால் முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மனைவி கண்ணை மூடிய பிறகு கெல்சென்கிர்ச்சனில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் நான் தனியே இருந்தேன். மகள் பேர்லினில் தாதியாக வேலை. நான் ஒரு வைத்தியசாலையின் சமையலறையில் விடியற்காலை வேலைக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு எத்தனை மணித்தியாலம் மிச்சம் இருக்கிறது என்று தனியே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். விளக்கேற்றுவேன், தேவாரம் படிப்பேன், ஒரு சுண்டு அரிசி போட்டுச் சமைப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவேன். அங்கே எல்லாரும் குடும்பமாக வருவார்கள். அன்னதானத்துக்கு இருக்கும்போது எனக்குப் பக்கத்துக் கதிரையில் யாராவது சப்பாத்துப் பையை வைத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வீட்டு மணி அடித்தது. என் வீட்டு மணி அடித்து எவ்வளவோ காலம். திறந்தால், மேல் வீட்டுக்காரர் நிற்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, என்னைவிடப் பத்து வயது கூட. இருபது வருடம் ஒரே படிக்கட்டில் காலை வணக்கம் சொன்னதைத் தவிர நாங்கள் கதைத்ததில்லை. அவர் டொச் பாஷையில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“ரெண்டு நாளா உன்ரை வீட்டில சட்டி பானைச் சத்தமே இல்லை. இருக்கிறியோ செத்துப் போட்டியோ எண்டு பாக்க வந்தனான்.”

இருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் சப்பாத்தைப் போடு என்றார். எங்கே என்று கேட்காமல் போட்டேன். அவர் கூட்டிக்கொண்டு போனது ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு.

ஜேர்மன்காரருக்கு இது கால்பந்து மாதிரி ஒரு விளையாட்டு. ஒரு நீண்ட மண்டபம், மறு முனையில் கடதாசி வட்டங்கள், இந்தப் பக்கம் மேசை, கோப்பி, கேக். முதல் சத்தம் கேட்டபோது என் முழங்கால் தானாக மடிந்தது. நிலத்தோடு படுக்கத்தான் எங்கள் உடம்பு பழகியிருக்கிறது. அவர் காதை மூடும் கருவியை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். நான் அன்றைக்கு அப்பிள் யூஸ் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அடுத்த வியாழன் ஐந்தரைக்கு மணி அடித்தது. அதற்கடுத்த வியாழனும் அடித்தது. நான் சுடப் போனேன் என்று சனம் சொல்லுகிறது. நான் அந்த மணிக்காகத்தான் போனேன். வியாழக்கிழமைகளில் இரண்டு மணிக்கு வீடு வந்ததும் முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தபடி இருப்பேன்.

அரை வருடம் கழித்துத்தான் காற்றுத் துப்பாக்கியைத் தொட்டேன். பிறகு சங்கத்தின் சிறிய துப்பாக்கியை. இங்கே நினைத்தவுடன் யாரும் வாங்க முடியாது. ஒரு வருடத்துக்குமேல் ஒழுங்காகச் சங்கத்துக்குப் போயிருக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பொலிஸ் நம்மைப் பற்றி விசாரிக்கும், வீட்டில் இரும்புப் பெட்டகம் வைக்க வேண்டும், அதன் பூட்டு இலக்கம் நம் ஒருவருக்குத்தான் தெரியலாம். பரீட்சைக்கு அவர் என் சமையலறை மேசையில் இருந்து கேள்வி கேட்டார். நான் தோசை சுட்டுக் கொடுத்தேன். இரண்டாவது தடவையில் தேறினேன்.

அந்தக் காலத்தில்தான் அவருடைய கையைக் கவனித்தேன்.

அவரிடம் பழைய, பாரமான ஒரு துப்பாக்கி இருந்தது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் முதல் குண்டை ஏற்ற, மேலே இருக்கிற இரும்பு மூடியை விரல்களால் பிடித்துப் பின்னுக்கு இழுத்து விட வேண்டும். உள்ளே சுருள் கம்பி ஒன்று அதை எதிர்த்து நிற்கும். அவருக்கு வாதம். விரல் மூட்டுகள் இஞ்சித் துண்டு மாதிரி வீங்கியிருந்தன. இழுக்கும்போது மூடி வழுக்கித் திரும்பி ஓடும். ஒருநாள் துப்பாக்கியின் வாய் பக்கத்து மேசைப் பக்கம் திரும்பிவிட்டது. குண்டு ஏறவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு மேற்பார்வைக்கு நின்ற பெண் அவரை ஒதுக்கமாகக் கூப்பிட்டுக் கதைத்தாள். ஓய்வுபெற்ற ஆசிரியை, சின்ன உருவம், யாரையும் நோகப் பேசமாட்டாள். தன் ஆயுதத்தைத் தானே பத்திரமாகக் கையாள முடியாத ஒருவரைச் சுட விட முடியாது, அது விதி. அவ்வளவுதான் அவள் சொன்னது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் வெளியே பார்த்துக்கொண்டு, நத்தார்ப் பண்டிகையோடு நிப்பாட்டப் போகிறேன் என்றார். வேறு துப்பாக்கி வாங்கலாமே என்றேன். எழுபது வயதில் ஆர் புதுசு வாங்குவது என்றார். நான் வாங்கித் தருகிறேன் என்றால் ஏற்கிற மனிதர் அவர் இல்லை, கேட்டால் கதவைச் சாத்திவிடுவார். அவர் நிப்பாட்டினால் வியாழக்கிழமை மணி அடிக்காது. அந்த யோசனையோடுதான் அன்றிரவு படுத்தேன்.

அடுத்த கிழமை, நான் எனக்கென்று ஒன்று வாங்கப் போகிறேன் என்று சங்கத்தில் சொன்னேன். உடனே ஆளாளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் குழலின் நீளம்தான் முக்கியம் என்றார். இன்னொருவர் விசை எவ்வளவு மெதுவாக விழுகிறது என்பதைப் பார் என்றார். வேறொருவர் எந்தக் கொம்பனி என்று கேள் என்றார், அவருக்கும் குழல்காரருக்கும் சண்டை வரப் பார்த்தது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றையும் அவருடைய கையை நினைத்துக்கொண்டு வெட்டினேன். நீளத்தை வெட்டினேன். கொம்பனியை வெட்டினேன். கடைசியில் நான் புதிதாக எழுதியவைதான் மிஞ்சின. மூடி லேசாக இழுபட வேண்டும். பிடி ஒல்லியாக இருக்க வேண்டும். மணிக்கட்டு தாங்குகிற பாரம். குண்டு அடுக்குகிற பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒரு குமிழ் இருந்தால் நல்லது, பெருவிரலால் அமத்தாமல் குமிழைக் கீழே இழுத்துப் பிடித்துக் குண்டை வழுக்கவிடலாம். பாதுகாப்புப் பூட்டு விரல் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். சிறிய குண்டு போடுகிற துப்பாக்கியில்தான் இவையெல்லாம் கிடைக்கும் என்று ஆசிரியை சொன்னாள். சங்கத்துக்குள், மேற்பார்வையில், ஒருவருடைய துப்பாக்கியால் மற்றவர் சுடலாமா என்றும் அவளிடம் கேட்டேன். சுடலாம் என்றாள். ஏன் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை.

எசன் நகரில் உள்ள துப்பாக்கிக் கடைக்குத் தனியே போனேன். கடைக்காரர் அனுமதி அட்டையைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தார். முப்பது வருடம் அண்டா குண்டா தூக்கிய கை, தடித்தது. அதற்கு ஏற்றதாகப் பெரிய பிடியுள்ள ஒன்றைத் தந்தார். நான் வேண்டாம் என்று ஒல்லியானதைக் கேட்டேன். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வைத்து, அதுவும் பலமில்லாமல், மேல்மூடியை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. அடுத்தது. வரவில்லை. அவர் உதவி செய்ய வந்து, முழுக் கையாலும் பிடி என்று காட்டித் தந்தார். தெரியும், எனக்கு இப்படித்தான் வேண்டும் என்றேன். ஆறாவதோ ஏழாவதோ இரண்டு விரலுக்கு அசைந்தது, வாழைப்பழத் தோலை இழுத்த மாதிரி.

“இது உங்கடை கைக்குச் சரிவராது, ஐயா,” என்றார் அவர்.

“தெரியும். இதைத்தான் தாங்கோ.”

பூட்டிய பெட்டியில் வைத்து, நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இங்கேதான் நான் பிழை விட்டது. எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் என் மனைவி முதலில் பொட்டு வைப்பாள். குளிர்சாதனப் பெட்டிக்கு, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு, மகளின் முதல் கணினிக்கு. கார் வாங்கியபோது கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசித்தோம். அவள் போன பிறகு அந்த வீட்டுக்குள் புதுச் சாமான் என்று ஒன்றும் வரவில்லை. இதுதான் முதலாவது. பூசை செய்யாமல் எப்படி எடுப்பது என்று கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். புதுச் சாமான் ஒன்று, வெள்ளிக்கிழமை கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். காரோ என்று கேட்டார். இல்லை ஐயா, பிஸ்ரல் என்றேன்.

ஐயருடைய குரல் மாறியது.

“அதை இஞ்சை கொண்டுவர ஏலாது, அண்ணை. பொலிஸ் உங்களையும் பிடிச்சு என்னையும் பிடிக்கும். வீட்டிலயே பொட்டை வையுங்கோ. முருகனிட்டை வேல் இருக்கு, அது காணும்.”

அவர் தொலைபேசியைச் சத்தமாக வைத்துக் கதைத்திருக்கிறார், பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது.

சாமித் தட்டின் முன்னால் வைத்து, சந்தனம் குழைத்தேன். பொட்டு எங்கே வைப்பது? துப்பாக்கிக்கு நெற்றி எது? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழலின் நுனியில், மேலே, குறி பார்ப்பதற்கு ஒரு சின்ன மேடு இருந்தது. அதுதான் நெற்றி மாதிரித் தெரிந்தது. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். எனக்கு மனைவியைப் போல் வட்டமாக வராது. பிறகு கைகூப்பி, இதனால் ஒரு உயிருக்கும் தீங்கு வரக்கூடாது முருகா என்று சொல்லி, பெட்டகத்தில் பூட்டினேன்.

வியாழக்கிழமை ஆசிரியைதான் முதலில் கண்டாள். இது என்ன சிவப்பு, ரத்தமா, இரும்புக் கறளா என்று கேட்டாள். விளங்கப்படுத்தினேன். குழலின் வாய்க்குள் போகாதவரை பிரச்சினை இல்லை என்று சிரித்தாள். நான் ஐந்து குண்டு சுட்டேன். பிடி என் உள்ளங்கைக்குள் காணாமல் போனது, ஒன்றும் வட்டத்தில் விழவில்லை. எனக்குச் சரிவரவில்லை, நீங்கள் ஒருக்கால் பாருங்கோ என்று அவரிடம் நீட்டினேன்.

அவர் குமிழைக் கீழே இழுத்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக வழுக்கவிட்டார். குண்டுப் பெட்டியைப் பிடிக்குள் தள்ளினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மூடியைப் பிடித்தன. இழுத்தார். வந்தது. அவர் உடனே சுடவில்லை. துப்பாக்கியின் வாயை முன்னுக்கே வைத்துக்கொண்டு, ஒல்லியான அந்தப் பிடியைப் பார்த்தார், பிறகு என்னுடைய கையைப் பார்த்தார்.

“உன்ரை கைக்கு இது சின்னன்.”

“ஓம்,” என்றேன்.

அவர் வட்டத்துப் பக்கம் திரும்பினார். சுட்டார். ஐந்தில் நாலு கறுப்பு வட்டத்துக்குள். அவருக்குக் கண்ணும் மங்கல், கறுப்பு வட்டத்தில் கறுப்பு மேடு தெரிவதில்லை என்று அதுவரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாராம். என்னுடைய கோணல் குங்குமம் அவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் நான் கதவைத் திறந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, சிவப்பு வைச்சியோ என்பதுதான். கொப்பியில் நான் எழுதாத ஒரு விஷயம் அது.

கோயிலில் பூ கட்டினவர்களிடமிருந்து கதை மற்றப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஆரோ ஒருவனைச் சுட நான் துப்பாக்கி வாங்கினேன் என்று ஒரு கதை. மனைவி போன பிறகு எனக்குத் தலை பிசகிவிட்டது என்று ஒரு கதை. பழைய இயக்க ஆட்களோடு சேர்ந்துவிட்டேன் என்று இன்னொன்று. பேர்லினின் நொய்கெல்ன் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற என் மகளின் காதில் அது விழுந்தது. அடுத்த சனிக்கிழமையே ரயிலேறி வந்தாள். சாப்பிடவில்லை. பெட்டகத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள்.

“ஏனப்பா என்னட்டைச் சொல்லேல்லை?”

சொன்னால் பயப்படுவாய் என்றேன்.

“நீங்கள் ஆரையும் சுடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். நான் அதுக்குப் பயப்பிடேல்லை. அம்மா இல்லாத வீட்டில தனிய இருக்கிறியள். உங்களை நினைச்சுத்தான் பயப்பிடுறன்.”

அவள் வைத்தியசாலையில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். என்ன சொல்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முருகன் மேல் ஆணையாக என்னை நானே மாய்க்கிற எண்ணம் எனக்கு வந்ததில்லை என்றேன். மேல் வீட்டுக்காரரைப் பற்றியும் அவருடைய விரல்களைப் பற்றியும் சொன்னேன். அவர் உங்களுக்கு ஆர் என்று கேட்டாள். நண்பர் என்றும் சொல்ல முடியாது, நாங்கள் அவ்வளவு கதைப்பதில்லை. வியாழக்கிழமை மணி அடிக்கிறவர் என்றேன். அவள் அழுதாள். அவர் சுட வருகிற காலம்வரை வைத்திருங்கோ, அதற்குப் பிறகு கொடுத்துவிட வேண்டும், அதுவரை நான் ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசி எடுப்பேன் என்றாள். சரி என்றேன்.

சொன்னபடியே எடுத்தாள். வேலையில் நின்றாலும் எடுத்தாள். இரண்டே கேள்விதான்.

“சாப்பிட்டியளோ? அது பெட்டிக்குள்ளதானே இருக்கு?”

ஓம், ஓம் என்பேன். பிறகு அன்றைக்கு என்ன கறி, பேர்லினில் மழையா, எந்தப் பஸ் பிந்தியது என்று பத்து நிமிடம் போகும். எனக்கு வியாழக்கிழமையும் இருந்தது, எட்டு மணியும் இருந்தது. மனைவி போன பிறகு நான் நன்றாக இருந்த காலம் அதுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. ஒரு வியாழன் ஐந்தரைக்கு மணி அடிக்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். மேலே போய்த் தட்டினேன். எதிர் வீட்டுப் பெண் கதவைத் திறந்து, மத்தியானம் அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது என்றாள். ஐந்தாம் நாள் காலமானார். அடக்கத்துக்குச் சங்கத்து ஆட்கள் பச்சை மேலங்கி போட்டுக் கொடியோடு வந்தார்கள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். நான் சட்டைப் பையில் கொண்டுபோன திருநீற்றையும் மண்ணோடு சேர்த்துப் போட்டேன். அவர் கடவுளை நம்பாதவர். அவர் மன்னிப்பார்.

அதற்குப் பிறகு மூன்று வியாழன் நான் தனியே போனேன். பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். பொட்டு வைக்கவில்லை, அதை யாருக்கு வைப்பது? நாலாவது வியாழன் ஆசிரியையிடம், உங்களுக்கு இது வேண்டுமா என்று கேட்டேன். அவளுடைய கையும் சின்னது, எடுத்துப் பிடித்ததும் பொருந்தியது. கடைக்காரர் மூலமாக, எழுத்து வேலை எல்லாம் முறைப்படி முடித்து, அவள் பெயருக்கு மாற்றினோம். மேட்டின் ஓரத்தில் சிவப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. துடைக்கட்டுமா என்று கேட்டாள். இனி அது உங்களுடையது என்றேன்.

மகளிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு கிழமை, எட்டு மணிக்கு அவள் பெட்டிக்குள்ளதானே இருக்கு என்று கேட்க, நான் ஓம் என்றேன். வெறும் பெட்டகத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். நான் பொய் சொல்லிப் பழகாதவன். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, கொடுத்துவிட்டேன் பிள்ளை என்று சொன்னேன். அப்பாடா என்றாள். நான் இவ்வளவு நாளும் நித்திரை கொள்ளவில்லை அப்பா என்றாள். அவளுக்கு எவ்வளவு பாரம் இறங்கியது என்று அந்தக் குரலில் தெரிந்தது. நானும் சந்தோசப்பட்டேன், அது உண்மை.

அடுத்த நாள் எட்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு. வேலை, படிப்பு, சில கிழமை அதுவும் இல்லை. அவளில் பிழை இல்லை. நான் பத்திரமாக இருக்கிறேன் என்று நினைக்கிறாள்.

பெட்டகம் சுவரோடு ஆணி போட்டு முறுக்கி வைத்தது, கழற்ற ஏலாது. அதற்குள் இப்போது மனைவியின் குங்குமச் சிமிழை வைத்திருக்கிறேன். எட்டு மணிக்குச் சாப்பிட இருப்பேன், தொலைபேசியைச் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

இதைப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கோ. ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கோ. ஒன்றும் கூட்ட வேண்டாம், எனக்காக இரக்கப்பட்டு ஒன்றும் குறைக்கவும் வேண்டாம், அந்த இரண்டு கிழமைப் பொய்யையும் சேர்த்தே சொல்லுங்கோ. முன்னர் என் கதை வாய் மாறி, பிழையாகி, பேர்லின் வரை போனது. இந்த முறை பிழையில்லாமல் போகட்டும்.